பச்சை வால் எலிகள்

எலியக்கா என்று தனக்குப் பெயர் வைத்தது யார் என்று அவருக்கே தெரியாது. கேட்டால், "வெச்சவன் வேலைய விட்டுப் போயிட்டான், பேர எடுத்துட்டுப் போக மறந்துட்டான்" என்பார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத நீண்ட அறையில், எலிக் கூண்டுகளுக்கு நடுவே பல வருடங்கள் வேலை பார்த்தவர். கூண்டில் மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்ப் புட்டியைக் கழுவி நிரப்புவது, குட்டி போட்டதைத் தனியே பிரிப்பது, செத்ததை உறையில் போட்டு ஃப்ரீசரில் வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாடியில் இருக்கும் எங்களுக்கு வெள்ளைக் கோட்டு. எலியறைக்கு நீலம். அக்காவின் நீலம் துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. அதன் இரண்டு பைகளும் எப்போதும் தொளதொளவென்று தொங்கும். தொங்கியதற்குக் காரணம் இருந்தது.

எலிகளிடம் வருவதற்கு முன் ஒரு கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் இருந்தாராம். வரிசையாக வரும் புட்டிகளை வெளிச்சத்துக்கு எதிரே பார்த்து, விரிசல் விட்டதை எடுத்துப் போடும் வேலை. தொழிற்சாலை மூடியதும் எங்கள் கூடத்துக்குப் புட்டி கழுவ வந்தார். எலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கடிபட்டு விடுப்பில் போனபோது, ஒரு நாளைக்கு மட்டும் என்று சொல்லி இவரை அனுப்பினார்கள். "அன்னிக்குக் கூண்டுக்குள்ள கைய விட்டேன். இன்னும் எடுக்கல" என்பார் அக்கா.

அவர் கணவரை நாங்கள் லாரிக்காரர் என்போம். அக்காவும் அப்படித்தான் சொல்வார். "லாரிக்காரர் இன்னிக்குச் சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாரு. போட்டுக்கோங்கன்னேன். எங்க இருக்குன்னாரு. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி உப்பு டப்பா எங்கன்னு கேக்குற மனுஷன், ஊர்ல இருக்கிற எல்லாச் சந்துக்கும் வழி சொல்வாரு."

உண்மைதான். தண்ணீர் லாரி ஓட்டியவர். எந்தத் தெருவில் லாரியைத் திருப்ப முடியும், எந்தக் கிளை தொட்டியில் இடிக்கும், எந்த வீட்டு நாய் டயரைத் துரத்தும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு நாள் ஒரே வீட்டுக்கு இரண்டு முறை தண்ணீர் இறக்கினார். அந்த வீட்டு அம்மா வாயைத் திறக்காமல் வாளி, குடம் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டாராம். இதை எங்களிடம் சொல்லிவிட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் ஒரு நாள், தினமும் போகிற சாலையின் நடுவில் லாரியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தும் அவர் நகரவில்லை. முதலாளி வந்து, தோளில் கை போட்டு, சாவியை வாங்கிக்கொண்டார். அதைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை.

மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். தடுக்க முடியாது, கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார். இன்னொன்றும் சொன்னார்: "தினமும் ஒரே நேரத்துல, ஒரே வழியில நடக்க விடுங்கம்மா. வழியில அவருக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணு இருக்கட்டும். கால் பழகின வழி அவ்வளவு சீக்கிரம் போகாது." அக்கா தலையாட்டிவிட்டு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கூடத்துக்குக் கசப்பு வந்தது.

காட்டுக் கொடி ஒன்றின் வேரிலிருந்து வேதியியல் பிரிவு பிரித்தெடுத்த சாறு அது. ஆவணங்களில் அதற்கு ஒரு நீளமான எண் உண்டு. அதை வாயில் வைத்தால் நாக்கு மரத்துப்போகும் என்பதால் எங்களுக்குள் கசப்பு என்ற பெயரே நிலைத்தது. மறதியை அது தடுக்குமா என்று பார்ப்பது எங்கள் தலைவரின் திட்டம். அவரை மேடம் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். கறாரானவர், ஆனால் யாரையும் குரல் உயர்த்திப் பேசமாட்டார்.

சோதனை எளிமையானது. ஒரு பெரிய வட்டத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பால்பவுடர் கரைத்துக் கலங்கலாக்குவோம். ஓரமாக ஓரிடத்தில், தண்ணீருக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு மேடை இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. எலியை விட்டால் கரை தேடி நீந்தும். தற்செயலாக மேடையில் கால் பட்டால் ஏறி நின்று மூச்சு வாங்கும். மறுநாள் விட்டால், சுவரில் ஒட்டியிருக்கும் முக்கோணம், நட்சத்திரம் போன்ற அடையாளங்களைப் பார்த்து நினைவுபடுத்திக்கொண்டு நேராக மேடைக்கு வரும். மறதி வரும்படி ஊசி போட்ட எலியோ புதிதாக விழுந்ததுபோலச் சுற்றிச் சுற்றி நீந்தும்.

எல்லா எலிகளுக்கும் மறதி ஊசி போட்டோம். பாதியின் வாலில் பச்சை மையும் பாதியின் வாலில் சிவப்பு மையும் பூசினோம். பச்சை மூடிப் புட்டியிலிருந்து பச்சை வாலுக்கு, சிவப்பிலிருந்து சிவப்புக்கு, தினமும் காலையில் சொட்டுக்குழாயால் வாயில் விட வேண்டும். ஒன்றில் கசப்பு, மற்றதில் வெறும் தண்ணீர். எது எது என்று மேடத்துக்கு மட்டுமே தெரிய வேண்டும் என்பது விதி. ஆனால் பச்சைச் சொட்டு நாக்கில் பட்டதும் எலி வாயைக் கோணி, முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துத் துடித்த துடிப்பில் முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

"தண்ணியிலயும் வேற ஏதாவது கசக்கிறதக் கொஞ்சம் கலந்திருக்கணும்" என்றான் நெட்டை. என்னுடன் வேலை செய்தவன். வாசல் நிலைகளில் குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவன். மேடமும் ஒப்புக்கொண்டார். ஆனால் தொடங்கியாயிற்று, நடுவில் மாற்ற முடியாது என்றார்.

சொட்டு விடுவதும் எலியைத் தொட்டியில் விடுவதும் அக்காவின் வேலை. விட்டதும் அந்த அறையிலேயே தொங்கும் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட வேண்டும். நான் பக்கத்து அறையில் கணினித் திரை முன்னால் உட்கார்ந்திருப்பேன். தொட்டிக்கு நேர் மேலே கேமரா இருந்தது. எலி நீந்தும் வழி திரையில் ஒரு கோடாக வரும். தொட்டியும் தண்ணீரும் எலியும் தெரியும், அறையில் வேறெதுவும் தெரியாது.

பச்சைக் கோடுகள் நேராக வந்தன. முதல் வாரத்தில் சுமாராக, பிறகு அம்பு விட்டதுபோல. சிவப்பு, நூல்கண்டு சிக்கியதுபோலக் கிடந்தது. மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்.

மாலையில் அக்கா வருவார். தேர்வு எழுதிய பிள்ளையின் மதிப்பெண் கேட்பதுபோலக் கேட்பார்.

"பாப்பா, இன்னிக்குப் பச்சை எப்படி?"

"நல்லா இருக்குக்கா."

"நல்லான்னா? நேத்தைவிடவா?"

"நேத்தைவிட."

அப்படியே மேடத்திடம் போய் நிற்பார். "மேடம், இது மனுஷங்களுக்கு எப்ப வரும்?"

"முதல்ல எலிக்குப் பலன் நிக்கணும்க்கா."

"அதான் எலிக்கு நின்னுடுச்சுல்ல?"

"இன்னும் ரெண்டு தடவை வேற எலிகளை வெச்சுப் பண்ணணும். அப்புறம் எவ்வளவோ இருக்கு. வருஷக்கணக்கா ஆகும்க்கா."

வருஷக்கணக்கு என்பது அக்காவின் காதில் விழவில்லை. முதல் பாதி மட்டும் விழுந்தது. இரண்டாம் முறையும் பச்சை நேராக வந்தபோது, லாரிக்காரருக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் லாரிக்காரர் இரண்டு முறை வழி தவறினார். இரண்டு முறையும் யாரோ கூட்டிவந்து விட்டார்கள். அதன் பிறகு அக்கா வேலைக்குக் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டத் தொடங்கினார். உள்ளே சாப்பாடு, தண்ணீர், ரேடியோ எல்லாம் வைத்துவிட்டுத்தான். லாரிக்காரர் காலையிலேயே குளித்து, செருப்பு மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பாராம்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன். நீயும் வாயேன்."

"மருந்து வரட்டுங்க. அப்புறம் நீங்க எங்க வேணா போங்க. நானே கூட வர்றேன்."

"எப்ப வரும்?"

"வந்துக்கிட்டே இருக்கு."

இப்படியே இரண்டு வருடம் போனது. கீழ்வீட்டில் ஒரு தையல்காரி இருந்தார். வாய் நீளம், ஆனால் அவசரத்துக்கு உதவுகிறவர். அக்கா வீட்டின் இன்னொரு சாவி அவரிடம்தான் இருக்கும். படியிறங்கும்போதெல்லாம் தையல்காரி தலையைத் தூக்காமலே கேட்பாராம்: "மனுஷனப் பூட்டி வெச்சுட்டு எலிய அவுத்துவிடப் போறியா?"

"உன் வேலையப் பாரு. ஊசி குத்திக்கப் போற."

"எனக்குக் கைல குத்தும். உனக்கு எங்க குத்துதோ."

இதை அக்கா எங்களிடம் ஒரு நகைச்சுவையாகத்தான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

மூன்றாம் முறை சோதனை நடந்துகொண்டிருந்த ஒரு காலை தையல்காரி ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். நான்தான் எடுத்தேன். "அவளக் கூப்பிடும்மா. அவரு கதவத் தட்டித் தட்டி அழுதாரு. தண்ணி கேட்டவங்க காத்துட்டு இருப்பாங்கன்னு அழுதாரு. மனசு கேக்கல, திறந்துட்டேன். கூடவே போலாம்னு செருப்பத் தேடினேன், அதுக்குள்ள ஆளக் காணோம்."

அக்கா அங்கி கழற்றக்கூட நிற்கவில்லை. நீல அங்கியோடு ஓடினார். ஓடுகிறவர் வாசலில் திரும்பி நின்று நெட்டையிடம், "பச்சைக்குச் சொட்டு விட்டாச்சு தம்பி. சிவப்புக்கு இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாரிக்காரர் கிடைத்தது சாயங்காலம். பழைய தண்ணீர் நிரப்பும் நிலையத்தில், குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தன் லாரியின் முறை வருவதற்காகக் காத்திருக்கிறாராம். வீட்டிலிருந்து அந்த நிலையம் நல்ல தொலைவு. எத்தனையோ திருப்பங்கள். ஒன்றில்கூடத் தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறார். திரும்பி வரத்தான் தெரியவில்லை. முகத்தில் ஒரு சிராய்ப்பு, காய்ச்சல். அக்கா சில நாட்கள் விடுப்பு எடுத்தார்.

அந்த நாட்களில் நெட்டைதான் எலிகளைத் தொட்டியில் விட்டான். பச்சைக் கோடுகள் கலைந்தன. முதல் நாள், ஆள் மாறியதால் பயந்திருக்கும் என்று நினைத்தோம். இரண்டாம் நாளும் அப்படியே. பச்சை எலிகள் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தன. இடையிடையே ஓரிடத்தில் நின்று, தலையைத் தூக்கி, எதையோ தேடுவதுபோல மிதந்தன. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் இல்லை.

"நீ என்ன பண்ற உள்ள?" என்று கேட்டார் மேடம்.

"விதிப்படிதான் மேடம். விட்டுட்டு, திரைச்சீலைக்குப் பின்னாடி போயிடறேன்" என்றான் நெட்டை.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று ஒரு பச்சை வாலை விட்டார். திரையில் கோடு நேராக, பழையபடி மேடைக்குப் போனது. மேடம் என் அறையிலிருந்து எழுந்து தொட்டி அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

அக்கா திரைச்சீலைக்குப் பின்னால் இல்லை. தொட்டியின் ஓரத்தில், சுவரோரம், வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். மேடை இருந்த பக்கம்.

"அக்கா, எப்பவும் இங்கதான் நிப்பீங்களா?"

"ஆமா மேடம்."

"விட்டதும் பின்னாடி போகணும்னு சொன்னோமேக்கா?"

"போனா எப்படி மேடம்? முன்ன ஒரு தடவை ஒண்ணு தண்ணியக் குடிச்சு மூழ்கப் பாத்துச்சு. பின்னாடி நின்னா யாரு தூக்கறது? நான் சத்தம் ஒண்ணும் போடறதில்ல. சும்மா நிக்கறேன்."

மேடம் தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு பச்சை வாலை விடச் சொன்னார். அது மேடைப் பக்கம் நீந்தத் தொடங்கியதும், "அக்கா, இப்ப மெதுவா அந்தப் பக்கம் நடங்க" என்றார்.

அக்கா தொட்டியைச் சுற்றி எதிர்ப்பக்கம் நடந்தார். எலி நீந்துவதை நிறுத்தியது. கலங்கல் தண்ணீரில் அதன் மூக்கு மட்டும் மேலே இருந்தது. பிறகு திரும்பியது. மேடையை விட்டு, அக்கா நடந்த பக்கமாக, நேராக நீந்தியது. தொட்டிச் சுவரில் முட்டி, முன்னங்கால்களால் பிராண்டியது. அக்கா குனிந்து அதைத் தூக்கி அங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பழக்கம். துள்ளிய பை அடங்கியது. அதைப் பார்த்த மேடம் மெதுவாகக் கேட்டார்.

"சொட்டு விட்டதும் பச்சையெல்லாம் இப்படிப் பையில வெச்சுக்குவீங்களா?"

"கசக்குதுல்ல மேடம். பாவம், துடிக்குது. அடங்குற வரைக்கும் வெச்சுப்பேன்."

"சிவப்பு?"

"சிவப்புக்கு என்ன, வெறும் தண்ணிதானே. அது பாட்டுக்குப் போயிடும்."

சொல்லி முடித்ததும் அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விரிசல் விட்ட புட்டியைக் கண்டுபிடித்துப் பழகியவர். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப, அதுங்களுக்கு வழி ஞாபகம் இல்லையா?"

"உங்களைத் தெரிஞ்சிருக்கு அக்கா."

"அப்ப மருந்து?"

"தெரியல. நீங்க இல்லாம பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்."

புதிய எலிகளை வைத்து, எல்லோரும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, தண்ணீரிலும் வேறொரு கசப்பைக் கலந்து செய்தோம். பச்சையும் சிவப்பும் ஒன்றுபோலவே நூல்கண்டாகச் சிக்கின. மேடம் அக்காவைக் குறை சொல்லவில்லை. "தண்ணிய கசப்பாக்காதது என் தப்பு. ஒரு தடவைகூட உள்ள வந்து பாக்காததும் என் தப்பு" என்றார். திட்டம் மூடப்பட்டது. மிச்சமிருந்த சாறு அலமாரியின் கடைசித் தட்டுக்குப் போனது. பழைய பச்சை எலிகளை, மூளையைப் பரிசோதிப்பதற்காக மாடிக்கு அனுப்பவேண்டி வந்தபோது அக்கா அன்று மட்டும் விடுப்பு கேட்டார். மேடம் கொடுத்தார்.

பிறகு ஒரு மதியம் எலியறையில் அக்கா என்னிடம் பேசினார். கூண்டுகளுக்கு மரத்தூள் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"டாக்டர் சொன்னாரு பாப்பா. தெளிவாச் சொன்னாரு. ஒரே வழியில நடக்க விடு, தெரிஞ்ச முகம் ஒண்ணு இருக்கட்டும்னாரு. இதென்ன பெரிய வைத்தியமான்னு நெனச்சேன். மருந்துதான் வருதே, எதுக்கு இந்த அலைச்சல்னு நெனச்சேன். அவருக்கு அப்ப எல்லாத் தெருவும் தெரியும். என்னையும் நல்லாத் தெரியும். செருப்ப மாட்டிக்கிட்டு வா வான்னு கூப்பிட்டாரு. நான் பூட்டிட்டு வந்து இங்க நின்னேன். நின்ன எடத்துல நின்னேன், இதுங்க வந்துச்சு. அங்க போய் நின்னிருந்தா அவரும் வந்திருப்பாரு."

நான் அடுத்த கூண்டின் மூடியைத் திறந்து பிடித்தேன்.

அக்கா காலைப் பணியை விட்டுவிட்டு மதியப் பணிக்கு மாறினார். காலையில் லாரிக்காரரோடு அவரது பழைய வழியில் நடப்பார். பழகிய பிறகு அவரைச் சற்று முன்னே விட்டு, தான் குறுக்குச் சந்து வழியாக ஓடிவந்து, தெருமுனையில் மருந்துக்கடை வாசலில் நின்றுகொள்வார். நீல அங்கியோடு. வேலைக்கு நேரமாவதால் போட்டுக்கொள்வதாகத்தான் தையல்காரியிடம் சொல்லியிருந்தார். தையல்காரி அந்த வாரமே அதன் பைகளைப் பிரித்துப் புதிதாகத் தைத்துக் கொடுத்தார். கேலி எதுவும் செய்யவில்லையாம்.

முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. லாரிக்காரர் முனைக்கு வந்து, "இங்க என்ன பண்ற நீ? வீட்டுல வேலை இல்லையா?" என்று அதட்டுவாராம். அக்காவுக்கு அந்த அதட்டல் போதும். அன்றைக்கு மதியம் எங்களிடம் அதை அப்படியே நடித்துக் காட்டுவார்.

அதட்டல் மெல்லக் குறைந்தது. பிறகு நடித்துக் காட்டுவதும் நின்றது.

ஒரு காலை, சம்பளக் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கவேண்டி நான் அந்த முனைக்குப் போயிருந்தேன். அக்கா மருந்துக்கடைப் படியருகே நின்றிருந்தார். "இப்ப வந்துருவாரு" என்றார். இருவரும் நின்றோம்.

லாரிக்காரர் சாலையின் மறுகோடியிலிருந்து வந்தார். மெலிந்த, உயரமான மனிதர். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், எங்களைத் தாண்டி இரண்டு அடி போனார். அக்கா கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது என்று தனக்குள் ஒரு விதி வைத்திருந்தார்போலும். இரண்டு கைகளும் அங்கிப் பைக்குள் இருந்தன.

அவர் நின்றார். திரும்பினார். நீல அங்கியைப் பார்த்தார். மெதுவாக வந்து அக்காவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் படும்படி நின்றுகொண்டார்.

"நீங்க யாருங்கம்மா?" என்று கேட்டார், மரியாதையாக.

"இந்தத் தெருதாங்க."

"அப்படியா." கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். "ஒண்ணும் ஞாபகம் வரல. இங்க நின்னா சரியா இருக்கும்னு தோணிச்சு. நிக்கலாமா?"

"நில்லுங்க" என்றார் அக்கா.

நான் காகிதத்தை நீட்டவில்லை. மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். அக்கா ஒரு கையைப் பையிலிருந்து எடுத்து அவரது பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டார். அவர் தாடையைத் தூக்கிக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி, அசையாமல் நின்றார்.